காக்கும் கையும் இடிக்கும் கையும்

நாட்டிலுள்ள புராதனச் சின்னங்களைக் காப்பது யாருடைய கடமை என்று கேட்டால், அது சர்க்காரின் கடமை என்று நாம் உடனே விடை கூறிவிடுகிறோம். விடை சரியானதே. ஆனால் அவ்விடைக்குள் ஒரு சிக்கல் மறைந்து கிடக்கிறது. பாதை போடுவதும், அணை கட்டுவதும், படைகளுக்குக் கொட்டகை அமைப்பதும், நகரங்களை விரிவாக்குவதும் சர்க்காரின் வேலைகளே. இவ்வேலைகளுக்கு நிலம் வேண்டும், கல் வேண்டும், நீர் தேங்க இடம் வேண்டும். ஆகவே, பழைய கட்டடங்களைக் காக்கும் பொறுப்பும், அவற்றை அழித்துவிடக்கூடிய ஆற்றலும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. நம் நாட்டில் புராதனச் சின்னங்களின் பாதுகாப்பு வரலாறு என்பது, பெரும்பாலும் இவ்விரண்டும் தம்முள் நடத்திவந்த வழக்கின் வரலாறேயாகும். அதனைச் சிறிது ஆராய்வோம்.

பண்டை நாளில் கோயில்களையும் மடங்களையும் பேண மானியங்கள் இருந்தன. ஊர்ச் சபைகள் இருந்தன. வழிபாடு நிகழும் வரையில் கட்டடமும் வாழ்ந்தது. வழிபாடு நின்ற இடத்தைப் பேணுவது எவருக்கும் கடமையாக இருந்ததில்லை. ஓர் அரசன் எழுப்பியதை மற்றோர் அரசன் கல்லுக்காகப் பிரித்ததும் உண்டு. விதிவிலக்காக, முன்னோர் கட்டியதைப் பரிவுடன் பேணியவர்களும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக், அசோகனுடைய தூண் ஒன்றைத் தோப்ரா என்னும் ஊரிலிருந்து பஞ்சுப் பொதிந்து, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகள் மூலம் தில்லிக்குக் கொணர்ந்து நிறுத்தினார். மின்னல் தாக்கிய குதுப் மினாரையும் அவரே பழுது பார்த்தார். தூணில் எழுதியிருந்ததைப் படிக்கவல்லவர் அன்று ஒருவரும் இலர்; எனினும் அது காக்கத்தக்கது என்று அவர் உணர்ந்தார். ஆனால் அஃது அரசர் ஒருவருடைய விருப்பம். அவருடன் அதுவும் மறைந்தது. ஒரு தனி மனிதரின் விருப்பத்தை நிலையான கடமையாக மாற்றுவதற்குச் சட்டமும் இலாகாவும் வேண்டியிருந்தன. அவை வருவதற்கு மேலும் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

1784-ஆம் ஆண்டில் சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவினார். கல்வெட்டுகளையும் நாணயங்களையும் ஆராயும் ஆர்வம் அங்கிருந்து பரவிற்று. ஆராய்வோர் பலர் தோன்றினர், காப்போர் தோன்றவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1810-ஆம் ஆண்டில் வங்காளத்திலும், 1817-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலும் பிறப்பித்த ஒழுங்குமுறைச் சட்டங்கள், பொதுக் கட்டடங்கள் தவறான வழியில் பயன்படுத்தப்படும் ஆபத்து நேரும்போது தலையிடுவதற்கு அதிகாரம் அளித்தன. ஆனால் தனியார் உடைமையாக இருந்த சின்னங்களை அச்சட்டங்கள் தொடவில்லை. சர்க்காரே ஒரு கட்டடத்தை இடிக்க முற்பட்டால் அதனைத் தடுப்பவர் யார் என்ற கேள்விக்கும் அவற்றில் விடையில்லை.

அந்தக் கேள்வி விரைவிலேயே எழுந்தது. 1850-களில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை அமைக்கப்பட்டபோது, பாதைக்கு அடியில் பரப்பக் கல் கிடைக்கவில்லை. அருகே ஹரப்பா என்னும் ஊரில் மண்மேடுகள் இருந்தன. அவற்றுள் நன்கு சுட்ட செங்கற்கள் எண்ணற்றவை புதைந்திருந்தன. ஒப்பந்தக்காரர்கள் அவற்றை வாரிச் சென்றனர். ஏறத்தாழ 100 மைல் நீளப் பாதைக்கு அச்செங்கற்கள் போதுமானவையாக இருந்தன என்று பின்னர் அலெக்ஸாண்டர் கன்னிங்காம் எழுதினார். அவை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு நாகரிகத்தின் மதில்களும் வீடுகளும் ஆகும் என்பதை அன்று எவரும் அறியார். 1924-ஆம் ஆண்டில் சிந்துவெளி நாகரிகம் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஹரப்பாவின் மேற்பகுதி எப்போதோ புகைவண்டிச் சக்கரங்களுக்கு அடியில் போய்விட்டிருந்தது. இங்கே நிகழ்ந்தது பகைமையால் நேர்ந்த அழிவன்று. அறியாமையால் நேர்ந்த அழிவு.

தில்லிச் செங்கோட்டையில் நிகழ்ந்தது அவ்வாறன்று. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியை அடக்கிய பின், ஷாஜஹான் எழுப்பிய அரண்மனையின் பெரும் பகுதியை ஆங்கிலப் படைத்துறையினர் இடித்துத் தள்ளினர். அந்தப்புர மாளிகைகளும், முற்றங்களும், தோட்டங்களும் மறைந்தன. அவை இருந்த இடத்தில் சிப்பாய்களின் குடியிருப்புகள் எழுந்தன. அரியணை மேடைக்குப் பின்னிருந்த வண்ணக்கல் பதித்த பலகைகளை ஒரு படைத்தலைவர் பெயர்த்தெடுத்து, 500 பவுனுக்கு ஆங்கில சர்க்காருக்கே விற்றார். அவை லண்டன் பொருட்காட்சிச் சாலையில் வைக்கப்பெற்றன. இடிக்கப்பட்ட கட்டடங்களின் அளவையும் அமைப்பையும் முறையாக வரைந்து வைக்கும் சிரமத்தைக்கூட எவரும் மேற்கொள்ளவில்லை. ஆங்கிலேயரான கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குஸனே இதனைக் கடுமையாகக் கண்டித்தார். சர்க்காருக்குள்ளிருந்து எதிர்த்துரைக்க வேண்டிய அலுவலகம் எதுவும் அன்று இல்லை.

சில ஆண்டுகளுக்குள் அத்தகைய அலுவலகம் ஒன்று தோன்றிற்று. 1861-ஆம் ஆண்டில் கானிங் பிரபு, கன்னிங்காமைத் தொல்பொருள் ஆய்வாளராக நியமித்தார். ஆனால் 1866-ஆம் ஆண்டிலேயே அப்பதவி எடுக்கப்பட்டது. 1871-இல் மீண்டும் இலாகாவாக அமைக்கப்பட்டது. கன்னிங்காம் வடநாடெங்கும் சுற்றி, பழைய யாத்திரிகர்களின் குறிப்புகளைத் துணைக்கொண்டு, மறைந்த நகரங்களை அடையாளம் கண்டார். அவருடைய பணி பெரிது. எனினும் அது பட்டியல் எழுதும் பணியே. கூரை ஒழுகினால் அடைக்கும் பணி அன்று. பழுது பார்ப்பது மாகாண சர்க்கார்களிடமும் மராமத்து இலாகாவிடமும் விடப்பட்டிருந்தது. 1885-இல் கன்னிங்காமும், 1889-இல் அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் பர்ஜஸும் ஓய்வு பெற்றதும், செலவைச் சுருக்க வேண்டுமென்று தலைமைப் பதவியையே நிரப்பாமல் விட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இலாகா தலையில்லாமல் கிடந்தது. சிக்கனம் என்று வரும்போது முதலில் கை வைக்கப்படுவது பழைமையின் மேல்தான் என்பதை இங்கே நாம் காண்கிறோம்.

1899-இல் வைஸ்ராயாக வந்த கர்ஸான் பிரபு இந்நிலையை மாற்றினார். அவர் செய்த பல காரியங்களை நம் நாட்டு மக்கள் வெறுத்தனர். வங்காளப் பிரிவினையை நாம் மறக்கவில்லை. எனினும் இந்த ஒரு துறையில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர் சுற்றுப்பயணம் செய்தபோது, சின்னங்களுக்குள் சர்க்கார் அலுவலகங்களே குடிபுகுந்திருந்ததைக் கண்டார். கல்லிலே மரக்கிளையைக் கொடிபோல் பின்னிய பலகணிகளால் புகழ்பெற்ற அகமதாபாத் சீதி சையத் மசூதி, தாலுகா அலுவலகமாக இருந்தது. அஜ்மீரில் ஷாஜஹான் கட்டிய பளிங்கு மண்டபங்களும் அலுவல்களுக்காக உருமாற்றப்பட்டிருந்தன. கர்ஸான் அலுவலகங்களை வெளியேற்றினார். செங்கோட்டையிலிருந்து லண்டனுக்குச் சென்ற பலகைகளையும் திருப்பித் தருவித்து, அவை இருந்த இடத்திலேயே பதிக்கச் செய்தார்.

1902-இல், முப்பது வயதும் நிரம்பாத ஜான் மார்ஷல் தலைமை இயக்குநராக நியமிக்கப்பட்டார். 1904-இல் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று சர்க்கார் அறிவிக்கலாம்; உடைமையாளருடன் உடன்படிக்கை செய்துகொள்ளலாம்; வேண்டுமானால் விலைக்கும் வாங்கலாம். வழிபாட்டிலுள்ள இடமாயின், அதன் தன்மைக்கு மாறான காரியங்களுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தனியார் உடைமையாயினும் வரலாற்றுச் சின்னத்தில் பொதுமக்களுக்கும் ஓர் உரிமை உண்டு என்னும் கொள்கை, நாடு முழுமைக்கும் பொருந்தும் வகையில் இச்சட்டத்தின் வழியே நம் நாட்டில் வேரூன்றியது.

எவ்வாறு காப்பது என்பதும் சட்டத்தைப்போல் முக்கியமானதே. சாஞ்சியின் கதை இதற்குச் சான்று. 1822-இல் ஓர் அதிகாரி புதையல் கிடைக்குமோ என்று பெரிய தூபியை ஒரு பக்கத்தில் உச்சி முதல் அடிவரை பிளந்தார். பலர் அகழ்ந்து அகழ்ந்து அது மேலும் சிதைந்தது. 1881 முதல் மேஜர் கோல் பிளவை அடைத்து, விழுந்து கிடந்த தோரண வாயில்களைத் தூக்கி நிறுத்தினார். 1912 முதல் 1919 வரை மார்ஷல் அவ்விடம் முழுவதையும் செப்பனிட்டார். இந்த அனுபவங்களிலிருந்து பிறந்த விதிகளை அவர் 1923-இல் கையேடாக வெளியிட்டார். பழையதைப் பழையதாகவே காக்க வேண்டும். உளியின் அடையாளம் மழுங்கிய இடத்தில் புதிய சிற்பத்தைச் செதுக்கி ஒட்டலாகாது. நம்முடைய ஊகத்தைக் கல்லாக்கி முன்னோர் தலையில் கட்டலாகாது என்பன அவ்விதிகளின் சாரம். பழுது பார்ப்பவன் தன்னடக்கம் உடையவனாக இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

நாடு விடுதலை பெற்ற பின், நம் அரசியலமைப்பின் 49-ஆவது விதி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களைச் சிதைவினின்றும் அழிவினின்றும் காப்பது அரசின் கடப்பாடு என்று கூறிற்று. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை மத்திய சர்க்காரின் பொறுப்பாகவும், ஏனையவை மாநிலங்களின் பொறுப்பாகவும் பிரிக்கப்பட்டன. 1958-இல் புதிய சட்டம் வந்தது. கர்ஸான் காலத்தில் ஆள்வோரின் கருணையாக இருந்தது, இப்போது குடியரசின் கடமையாக எழுதப்பட்டுவிட்டது. அக்கடமைக்கு உடனடியாகவே ஒரு பெருஞ்சோதனை வந்து சேர்ந்தது.

ஆந்திர நாட்டில் குண்டூர் மாவட்டத்தில், கிருஷ்ணா நதிக்கரையில் மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. நாகார்ஜுனகொண்டா என்பது அதன் நடுவிலுள்ள குன்றின் பெயர். 1926-இல் அங்கே மண்ணினின்றும் தலைநீட்டிய பழைய தூண்களின் செய்தி, உள்ளூர்ப் பள்ளியாசிரியர் ஒருவர் வாயிலாகத் தொல்பொருள் இலாகாவின் கல்வெட்டுப் பிரிவினருக்கு எட்டிற்று. லாங்ஹர்ஸ்ட் என்பவர் 1927 முதல் 1931 வரை அங்கே அகழ்ந்தார். சென்னைப் பொருட்காட்சிச் சாலையில் முன்பு பணியாற்றிய டி. என். இராமச்சந்திரன் 1938 முதல் 1940 வரை அப்பணியைத் தொடர்ந்தார். கி.பி. மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் ஆண்ட இக்ஷ்வாகு மன்னரின் தலைநகரான விஜயபுரி அது என்பது தெளிவாயிற்று. மன்னர் வேள்வி செய்தனர். அரச குலத்துப் பெண்டிர் பௌத்த விகாரங்களுக்கு வாரி வழங்கினர். போதிஸ்ரீ என்னும் உபாசிகையின் கல்வெட்டு ஒன்று, இலங்கைப் பிக்குகள் சமயம் பரப்பிய தேசங்களை வரிசைப்படுத்துகிறது. காஷ்மீரமும், காந்தாரமும், சீனமும், வங்கமும் அதில் உள்ளன. தமிழகத்தைக் குறிப்பதாக அறிஞர் கொள்ளும் பெயரும் உள்ளது.

இந்தப் பள்ளத்தாக்கிற்கு அருகேதான் கிருஷ்ணாவின் குறுக்கே பேரணை கட்டுவதென்று முடிவாயிற்று. 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பண்டித ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அணையால் பாசனம் பெறவிருந்த நிலம் 20 லட்சம் ஏக்கருக்கு மேல். பஞ்சத்தை அறிந்த ஒரு நாடு, பாழடைந்த விகாரங்களுக்காக அந்நீரை வேண்டாமென்று சொல்ல இயலுமா? அல்லது, சோற்றுக்காக வரலாற்றை மூழ்கடித்தோம் என்ற பழியைத்தான் ஏற்க இயலுமா? வாதம் இரு பக்கத்திலும் நியாயமானது. ஹரப்பாவில் இருந்த அறியாமை இங்கே இல்லை. செங்கோட்டையில் இருந்த பகையும் இல்லை. அறிந்தே, வருந்தியே மூழ்கடிக்க வேண்டியிருந்தது.

ஹரப்பாவுக்கும் நாகார்ஜுனகொண்டாவுக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஒரு நூற்றாண்டில் இலாகா பெற்ற வளர்ச்சியே. அணைக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே, 1954-இல், ஆர். சுப்பிரமணியம் தலைமையில் பள்ளத்தாக்கு முழுவதையும் அகழும் திட்டம் தொடங்கிவிட்டது. ஆறு ஆண்டுகள் வேலை நடந்தது. பழங்கற்கால மனிதனின் கருவிகள் முதல் மத்திய காலக் கோட்டை வரை, மனித வாழ்வின் பல படிகள் வெளிப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் அகழப்பெற்றன. நாற்புறமும் செங்கற் படிக்கட்டுகள் அமைந்த விளையாட்டரங்கம் ஒன்று கிடைத்தது. வேள்விக்குரிய குளம் கிடைத்தது. நதியில் இறங்கும் அகன்ற படித்துறை கிடைத்தது. ஒவ்வொன்றும் அளக்கப்பட்டு, வரையப்பட்டு, படம் பிடிக்கப்பட்டது. முக்கியமான சில கட்டடங்களைக் கல் கல்லாக, செங்கல் செங்கல்லாகப் பிரித்து உயர்ந்த இடங்களில் திரும்ப எழுப்பினர். மகாசைத்தியமும் படித்துறையும் குன்றின்மேல் ஏறின. விளையாட்டரங்கம் கரையோரத்து அனுப்பு என்னும் இடத்திற்குச் சென்றது. ஏனையவற்றுள் சிலவற்றுக்குச் சிறு மாதிரிகள் செய்து வைத்தனர். எகிப்து நாட்டின் நூபியச் சின்னங்களைக் காக்க வேண்டுமென்று ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டுக் கழகம் 1960-இல் உலகை அழைத்ததற்கு முன்னரே நம் நாட்டில் இது நடந்தது என்பதை நாம் நினைவில் வைக்கலாம்.

குன்றின்மேல் அமைந்த பொருட்காட்சிச் சாலை 1966-இல் திறக்கப்பெற்றது. இன்று அக்குன்று ஏரியின் நடுவே ஒரு தீவு. படகில் செல்லும் யாத்திரிகர்கள், தாம் ஒரு தலைநகரத்தின் வீதிகளுக்கு மேலே மிதந்து செல்கிறோம் என்பதைப் பெரும்பாலும் உணர்வதில்லை.

இதனை முழு வெற்றி என்று நாம் கூற மாட்டோம். கட்டடத்தைப் பெயர்க்கலாம், பள்ளத்தாக்கைப் பெயர்க்க முடியாது. படித்துறை என்பது நதிக்கு இறங்கும் வழி. குன்றின் உச்சியில் அது எதற்கு இறங்கும்? விகாரத்திற்கும் அரண்மனைக்கும் இடையே இருந்த தூரமும், இரண்டையும் இணைத்த வீதியும் நீரோடு போயின. அங்கே உழுது வாழ்ந்த குடும்பங்களும் தம் ஊர்களை விட்டுச் சென்றன. அவர்களுடைய வீடுகளை எவரும் கல் கல்லாகப் பிரித்து மேலே கொண்டு செல்லவில்லை. ஆயினும், ஓர் அரசு தான் அழிக்கப்போவதை முதலில் கற்றறிந்து, கணக்கெழுதி, இயன்றதைத் தூக்கிச் சென்று, பின்னரே நீரைத் திறந்துவிட்டது என்பது சிறிய காரியமன்று. பின்னர் அதே நதியில் ஸ்ரீசைலம் அணை எழுந்தபோது, கூடவெல்லிச் சங்கமேசுவரர் கோயிலும் பாபநாசிக் கோயில்களும் ஆலம்பூர்ப் பக்கத்திற்குப் பெயர்த்துக் கட்டப்பட்டன. முதற் சோதனையில் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை.

ஆனால் பெருந்திட்டங்களின்போது உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எவரும் பாராத சிறு சின்னங்களின் நிலை வேறு. 2013-ஆம் ஆண்டில், மத்திய தணிக்கைத் தலைவரின் அறிக்கை ஓர் உண்மையை வெளியிட்டது. பாதுகாக்கப்பட்டவை என்று பட்டியலில் இருந்த சின்னங்களுள் 1,655-ஐ நேரில் சென்று பார்த்தபோது, 92 சின்னங்களைக் காணவில்லை. அவற்றுள் 42 பின்னர் கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய 50-இல், நகரப் பெருக்கத்தில் மறைந்தவை 14. அணைகளின் நீரில் மூழ்கியவை 12. இருக்குமிடமே தெரியாதவை 24 என்று 2022-இல் நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவிக்கப்பட்டது. காவலுக்கு 7,000 பேர் தேவைப்பட்ட நிலையில், 248 இடங்களுக்கு 2,578 பேரையே அமர்த்த முடிந்தது என்றும் அக்குழு அறிந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான அறிவிப்பு வெளிவந்தது. அவற்றுள் ஒன்று, ஹரியானாவில் முஜேசர் என்னும் ஊரில் முகலாயர் காலத்து நெடுஞ்சாலையின் தூரத்தைக் காட்டி நின்ற கோஸ் மினார் என்னும் தூபி. வழி காட்டிய தூபிக்கே வழி தெரியாமல் போயிற்று.

சட்டத்தில் குறையில்லையா என்று கேட்கலாம். 2010-இல் செய்த திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்றும் விதித்தது. சிறைத் தண்டனையை இரண்டு ஆண்டு வரை உயர்த்தியது. இதனால் சின்னத்தின் அருகே வாழும் ஏழை மக்கள் தம் வீட்டைப் பழுது பார்க்கவும் அலைய நேரிடுகிறது என்னும் குறையும் நியாயமானதே. எனினும், மேற்கூறிய சின்னங்கள் கடுமையான சட்டம் இன்மையால் மட்டும் மறையவில்லை. போய்ப் பார்ப்பவர் இல்லாமையாலேயே மறைந்தன. பட்டியலில் பெயர் இருக்கும்வரை கல்லும் இருக்கும் என்று அலுவலகங்கள் நம்பிவிட்டன.

நாம் கண்ட வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. சர்க்கார் ஒருபோதும் காவலனாக மட்டும் இருக்க முடியாது. கட்ட வேண்டியவனும் அதுவே. ஆதலின், கட்டுகிற கையைப் பிடித்து நிறுத்தி, சற்றுப் பொறு, இங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம் என்று சொல்லவல்ல ஒரு குரல் சர்க்காருக்கு உள்ளேயே இருக்க வேண்டும். ஹரப்பாவிலும் செங்கோட்டையிலும் அக்குரல் இல்லை. நாகார்ஜுனகொண்டாவில் இருந்தது, அது அணையைத் தடுக்கவில்லை, ஆனால் ஆறு ஆண்டு அவகாசம் பெற்றது. அந்த ஆறு ஆண்டுகளின் பயனே இன்று நமக்கு எஞ்சியிருக்கும் விஜயபுரி. தொல்பொருள் இலாகாவின் வலிமையைக் குறைப்பதும், அதன் பதவிகளைக் காலியாக விடுவதும் செலவைச் சுருக்குவதாகத் தோன்றலாம். உண்மையில், அக்குரலை அடக்குவதே அதன் பயன்.

அக்குரலுக்குச் செவியும் வேண்டும். 1926-இல் பள்ளத்தாக்கில் கிடந்த தூண்களைப் பற்றித் தில்லிக்குத் தெரியாது, சென்னைக்கும் தெரியாது. ஊரில் வாழ்ந்த பள்ளியாசிரியர் ஒருவருக்குத் தெரிந்தது. இது வெறுங்கல் அன்று என்று அவர் எண்ணினார்; எண்ணியதோடு நில்லாமல் உரியவருக்குச் சொன்னார். நம் ஊர்ப் புறத்தில் புல் மண்டிக் கிடக்கும் ஒரு மேட்டையோ, எழுத்துப் பொறித்த ஒரு பாறையையோ காணும்போது நாமும் அவ்வாறு செய்யலாம். காக்கும் கை சர்க்காருடையதாக இருக்கட்டும். அதற்குக் கண்ணாக இருப்பது நம் கடமை.